அளந்து அடிக்கிற கை

7 ஜூலை 2025, திங்கள்

பயிற்சி முதல் நாள். ஆஸ்பத்திரியில் பழைய கட்டடத்து மாடி, ஃபேன் சத்தத்தில் பேசுவது பாதிதான் கேட்கிறது. என்னைப் போல ஒப்பந்தத்தில் எடுத்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர். வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் கேள்வி கேட்கிற வேலை. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பற்றிய ஆய்வு.

ஆய்வை நடத்துகிற டாக்டரம்மா முதலிலேயே சொல்லிவிட்டார்கள். "வன்முறைங்கிற வார்த்தையை வாயிலயே எடுக்காதீங்க. அப்படிக் கேட்டா எல்லாரும் இல்லன்னுதான் சொல்வாங்க." அறைந்தாரா, தள்ளினாரா, கையை முறுக்கினாரா, முடியைப் பிடித்து இழுத்தாரா என்று தனித்தனியாகக் கேட்க வேண்டுமாம். பெயர் வைக்காமல் கேட்டால் ஆமாம் வருமாம்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அம்மா குழாயடியில் சங்கரா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். மேல்கையில் நீலம். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்பே, "பாத்ரூம்ல வழுக்கிடுச்சு" என்றாள்.

வழுக்கினால் விரல் தடமா விழும்? கேட்கவில்லை.

9 ஜூலை

இன்று ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகச் சொன்னார்கள். எனக்கு ஜோடி ஸமீஹா என்கிற பெண். கோட்டக்குப்பத்திலிருந்து வருகிறாள், சின்னப் பெண், துறுதுறுவென்று. "வீட்டுல யார் யாரு இருக்கீங்கக்கா?" என்று ஆரம்பித்தாள். ஒப்பித்தேன். அப்பா சக்கரபாணி, புதுச்சேரி மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அம்மா ராஜாம்பாள். அண்ணன் கலைவாணன், சேதராப்பட்டு கம்பெனியில் சூப்பர்வைசர். அண்ணி மாலா, நேரு வீதி ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். அவர்கள் மகள் அபி, நாலாம் வகுப்பு. அப்புறம் நான், ஹேமலதா. கல்யாணம் சரிப்படாமல் முத்தியால்பேட்டைக்கே திரும்பி வந்து நாலு வருஷம். "நல்ல குடும்பம்க்கா" என்றாள்.

இரண்டு விதிகளும் சொன்னார்கள். ஒரு வீட்டில் எத்தனை பெண்கள் இருந்தாலும் ஒருத்தியிடம்தான் கேட்க வேண்டும். யார் என்பதை, பதில் குறிக்க எங்களுக்குக் கொடுத்த டேப்லெட்டே சீட்டுக் குலுக்குவது மாதிரி சொல்லிவிடும். ரெண்டு பேரிடம் கேட்டால் விஷயம் கசிந்து, வீட்டு ஆணுக்குத் தெரிந்து, அவர்களுக்கே ஆபத்தாகிவிடும். அடுத்த விதி, நடுவில் யாராவது உள்ளே வந்தால் முகம் மாறாமல் குடிதண்ணீர்க் கேள்விக்குத் தாவிவிட வேண்டும்.

அதைப் பழக எல்லாரும் திணறினார்கள். எனக்கு முதல் தடவையே வந்துவிட்டது. டாக்டரம்மா பாராட்டினார்கள். எங்கே பழகியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

16 ஜூலை

வேலை ஆரம்பம். காலையில் வைத்திக்குப்பத்தில் ஒரு அக்கா, மீன் கூடையைக் கழுவிக்கொண்டே பதில் சொன்னாள். "அறைஞ்சாரான்னா கேக்குற? அறைஞ்சாரு. நானும் கரண்டியால ஒண்ணு போட்டேன். ரெண்டையும் எழுதிக்க." எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் கேட் போட்ட பெரிய வீடு. ஸ்கூல் டீச்சர். எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை, இல்லை. கையை முறுக்கினாரா என்று கேட்டபோது மட்டும் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார். "இல்லை" என்றார். நான் "இல்லை" என்று குறித்தேன். அவர் சொன்னதைத்தானே குறிக்க முடியும்.

20 ஜூலை, ஞாயிறு

அண்ணி கடையிலிருந்து வர நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் காந்தி வீதியைத் தாண்ட முடியவில்லை என்றாள். அண்ணன் சிரித்துக்கொண்டே, "அப்படியா, யாரு யாரு இருந்தாங்க கூட்டத்துல?" என்று கேட்டபடி அவள் பின்னாலேயே சமையலறைக்குள் போனான்.

அப்பா டி.வி. சத்தத்தைக் கூட்டினார். அம்மா வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். நான் காய்ந்த துணியை மடித்தேன். மடித்ததை உதறி மறுபடி மடித்தேன்.

அபி என் பக்கத்தில் வந்து மெதுவாக, "அத்த, கதவ ஒருக்களிச்சாங்களா, சாத்துனாங்களா?" என்று கேட்டாள்.

"ஏன்டி?"

"ஒருக்களிச்சா வாய் மட்டும்தான். சாத்துனா கை."

"தாழ்ப்பா போட்டா?"

அபி ஹோம்வொர்க் நோட்டை எடுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டாள். அங்கேதான் எழுதுவாள். இத்தனை நாள் அதை நான் விளையாட்டு என்று நினைத்திருந்தேன்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டது.

3 ஆகஸ்ட்

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. வார்த்தைகளைப் பார்த்தால் அப்படித்தான். அப்பா "ஒரு தட்டு" தட்டுகிறார். அண்ணன் "கை நீட்டிட்டான்". அம்மா அபியை "ரெண்டு வச்சா". அண்ணி "கொஞ்சம் பேச்சு முத்திப்போச்சு" என்கிறாள். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்ததிலிருந்து ஓங்க முடிவதில்லை, மேல்கையைப் பிடித்துக் கிள்ளித் திருகுகிறார். அதை அம்மா, "அவரு முன்ன மாதிரி இல்ல, அடங்கிட்டாரு" என்கிறாள்.

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது அண்ணியிடம் கேட்டுவிட்டேன். வேலையில் கேட்பது மாதிரியே, பெயர் வைக்காமல், ஒவ்வொன்றாக. "எங்க அடிப்பாரு அண்ணி?"

அவள் துணிக்குக் கிளிப் போட்டுக்கொண்டே சொன்னாள். "மூஞ்சில கை வச்சதே இல்ல ஹேமா. அந்த விஷயத்துல நல்லவரு. கடைக்குப் போறேன்ல. முதுகு, தொடை, அந்த மாதிரி எடமா பாத்துத்தான். கோடக்காலத்துல கை இல்லாத ஜாக்கெட் போட்டா தெரியும்னு தோள்ல கூட அடிக்க மாட்டாரு."

அப்போது அண்ணன் படியேறி வந்தான். "என்னா மாநாடு?"

"மோட்டார் போட்டா தண்ணி செம்மண்ணா வருது அண்ணி, பில்டர் மாத்தணும்" என்றேன். முகம் மாறவில்லை.

அம்மா எப்போதும் சொல்வாள், அவனுக்குக் கோபம் வந்தா கண்ணு தெரியாதுன்னு. கண் தெரியாதவனுக்குத் துணி மூடுகிற இடம் மட்டும் எப்படித் தெரிகிறது? ஆய்வு செய்ய நாங்கள் வந்தது நேற்று. இந்த வீட்டில் அளந்துகொண்டிருப்பவன் அவன்தான், கல்யாணமான நாளிலிருந்து.

15 ஆகஸ்ட்

லீவு. எல்லாரும் வீட்டில். வேறொன்றும் எழுதுவதற்கில்லை.

21 ஆகஸ்ட்

எங்கள் தெருவும் ஆய்வில் வந்திருக்கிறது. சொந்தத் தெருவில் நான் கேட்கக் கூடாது. ஸமீஹாதான் வந்தாள். எங்கள் வீட்டில் மூன்று பெரிய பெண்கள். டேப் அம்மாவின் பெயரைச் சொன்னது.

உள் அறையில் உட்கார்ந்தார்கள். நான் வெளியே நின்றேன். அப்பா காபி கேட்கிற சாக்கில் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். உள்ளே ஸமீஹாவின் குரல், "தண்ணி கொதிக்க வச்சுக் குடிக்கிறீங்களாம்மா, அப்படியேவா?" நன்றாகத் தேறிவிட்டாள்.

போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்பது தப்பு. அம்மாதான் தானாகச் சொன்னாள், பெருமையாக. "என்னென்னமோ கேக்குது அந்தப் பொண்ணு. எல்லாத்துக்கும் இல்லன்னுட்டேன். நம்ம வீட்ட பத்தி ஊரு என்னா நெனைக்கும்?"

"ஊருக்குத் தெரியாதும்மா. பேரே எழுத மாட்டாங்க."

"அந்த டப்பாவுக்குத் தெரியும்ல?"

ஆக, எங்கள் வீடு சுத்தமான வீடு. ஒன்றும் நடக்காத வீடு. ஆஸ்பத்திரிக் கணக்கில் ஏறிவிட்டது. அழிக்க முடியாது.

2 செப்டம்பர்

எழுத்து சரியா வரல.

அண்ணனுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு, எந்த மாதிரி ஆய்வுன்னு. தெருவுல யாரோ சொல்லியிருக்கணும். நான் பையை மாட்டிக்கிட்டு கெளம்பிட்டு இருந்தேன். "என் வீட்டுக்கே ஆள் அனுப்பி வேவு பாக்குறியா? புருஷன் வீட்ல வாழத் துப்பில்லாதவ, என் பொண்டாட்டிக்கு சொல்லிக் குடுக்க வந்துட்டியா?" அவ்ளோதான். பின்னங்கழுத்துல ஒண்ணு. சுவத்துல போய் விழுந்தேன். எழுந்திருக்கறதுக்குள்ள முதுகுல.

அப்பா ஹால்லதான் இருந்தாரு. பேப்பர மடிச்சு வச்சிட்டு சொன்னாரு — "போதும்டா. வேலைக்குப் போறவ."

போதும்டா. அப்படின்னா அதுவரைக்கும் சரியான அளவுதானா?

பஸ் ஸ்டாப்ல நின்னுக்கிட்டு ஒவ்வொரு கேள்வியா எனக்கே கேட்டுப் பாத்தேன். எல்லாக் கேள்வியும் "உங்கள் கணவர்"னுதான் ஆரம்பிக்குது. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் கடைசியில ஒரே வரி. "வேறு யாராவது?" அந்த வரிலதான் நான் இருக்கேன்.

இந்த வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி, இந்த நோட்டோட பழைய பக்கங்கள்ல ரெண்டு தடவை "அண்ணனோடு சண்டை"ன்னு எழுதியிருக்கேன். சண்டை இல்ல. அடிச்சான். என்னை அடிச்சான்.

5 செப்டம்பர்

அம்மா என் முதுகில் நல்லெண்ணெய் தடவினாள். இதமாக, சின்ன வயசில் தடவியது போல. தடவிக்கொண்டே சொன்னாள்: "பொறுத்துக்கடி. உம்மேல கோவமா இருக்கறதால மூணு நாளா அவன் மாலாவ ஒண்ணும் சொல்லல பாரு."

நான் திரும்பிப் பார்த்தேன். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே ஆறுதல் சொல்கிறாள். இந்த வீட்டில் தினம் இவ்வளவு அடி என்று இருக்கிறது, அதை யாராவது வாங்கித்தான் ஆக வேண்டும், இன்று என் முறை. அம்மாவின் மனசில் அப்படி ஒரு கணக்கு. எத்தனை வருஷம் தானே முன்னால் போய் நின்று எங்கள் பங்கையும் வாங்கியிருப்பாள்? அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டுமா, இப்போது என்னை நிற்கச் சொல்வதற்குக் கோபப்பட வேண்டுமா?

எண்ணெய் வாசனை போகவேயில்லை.

28 செப்டம்பர்

அபி இன்று பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறாள். சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு முதுகில் அடித்தாளாம். அவன் அம்மா வந்து கத்திவிட்டுப் போனாள். ஏன்டி அடித்தாய் என்றால், "மூஞ்சில அடிக்கலயே அத்த" என்கிறாள்.

20 அக்டோபர், தீபாவளி

எல்லாம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. எண்ணெய்க் குளியல், புதுத்துணி, அம்மா சுட்ட வடை. அபி வாசலில் வெடி வைத்தாள். பொறி பறந்து அண்ணன் பைக் சீட்டில் ஒரு ஓட்டை. குண்டூசித் தலை அளவு.

அவன் அபியின் சடையைப் பிடித்தான். கை ஓங்கினான். அண்ணி ஓடிவந்து குறுக்கே குனிந்து பிள்ளையை அணைத்துக்கொண்டாள். அபியின் முதுகுக்கு ஓங்கிய கை அண்ணியின் காதில் விழுந்தது. இந்தத் தடவை அளவு தப்பிவிட்டது. அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். காதிலிருந்து புதுப் புடவையில் ரத்தம்.

தெருவே பார்த்தது. தெருவே வெடி வெடித்தது.

ஆஸ்பத்திரியில் ஒரே பட்டாசுக் காயம், பிள்ளைகள் அழுகை. அண்ணன் கூடவே வந்தான். டாக்டர் கேட்பதற்கு முன்பே அவன், "வெடி சார். காதுகிட்ட வெடிச்சிருச்சு" என்றான். டாக்டர் காதுக்குள் பார்த்தார். அண்ணியின் கன்னத்தைப் பார்த்தார். அண்ணனை வெளியே நிற்கச் சொன்னார். அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள்.

"என்னம்மா ஆச்சு?"

அண்ணி என்னைப் பார்த்தாள். நானே சொல்லிவிடலாம் என்றிருந்தது. ஆனால் பதிலை நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது, அது எங்களுக்குச் சொன்ன பாடம். வாயை மூடிக்கொண்டு நின்றேன். வாழ்நாளில் அவ்வளவு நேரம் நான் காத்திருந்ததில்லை.

"வெடி இல்ல டாக்டர். கை."

"யாரு கை?"

"என் வீட்டுக்காரரு."

காது சவ்வு கிழிந்திருக்கிறது. போலீஸுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

21 அக்டோபர்

வீட்டுக்கு விசாரிக்க வந்தார்கள். அண்ணன் குளித்து விபூதி பூசி உட்கார்ந்திருந்தான். அப்பா, "புருஷன் பொண்டாட்டி விஷயம், நீங்க காபி சாப்பிடுங்க" என்றார். அம்மாவைக் கேட்டார்கள். அம்மா முந்தானையைத் திருகிக்கொண்டு சொன்னாள்: "வெடிதான் சார். நான் பாத்தேன்."

அண்ணிக்கு எதிரிலேயே. காதில் பஞ்சோடு அவள் நிற்கும்போதே.

அண்ணி உள்ளே போய் அபியின் ஸ்கூல் யூனிஃபார்மை மடிக்க ஆரம்பித்தாள். நானும் என் துணியை எடுத்தேன்.

26 அக்டோபர்

லாஸ்பேட்டை. மாடிப் போர்ஷன். ஸமீஹாவின் மாமா மொய்னுதீன் பார்த்துக் கொடுத்தார், எதுவும் கேட்காமல். ஒரு அறை, சமையலுக்கு ஒரு மேடை, படிக்குக் கீழே தனி இரும்பு கேட்.

அண்ணிக்கு இடது பக்கம் இன்னும் சரியாகக் கேட்கவில்லை. வலது பக்கமாகப் போய்ப் பேச வேண்டும். அபி ஒரே நாளில் பழகிவிட்டாள்.

வழக்கு பதிவாகியிருக்கிறது. அவன் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு, வழக்கம் போல சேதராப்பட்டுக்கு வேலைக்குப் போய்வருகிறான். கூட வேலை செய்கிறவர்கள் அவனுக்காக வருத்தப்படுகிறார்களாம்.

1 நவம்பர்

புதுச்சேரி விடுதலை நாள். லீவு. அவன் இன்று வீட்டில் இருப்பான்.

அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். அப்பா, அவன், அம்மா.

9 நவம்பர்

அம்மாவுக்குப் போன் செய்தேன். போலீஸிடம் சொன்னதற்குப் பேசவே கூடாது என்றுதான் இருந்தேன். பேசாமல் இருக்க முடியவில்லை.

"இங்க எல்லாம் அமைதியா இருக்குடி. அவன் ரொம்ப மாறிட்டான்."

பின்னால் டி.வி. சத்தம். அவ்வளவு சத்தம்.

அண்ணி கேட்டாள், "எப்படி இருக்காங்க?" அமைதியாக இருக்கிறதாம் என்றேன். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எழுதத் தெரியவில்லை. "நாலு பேரு வாங்கினத இப்ப ஒருத்தியா வாங்குறாங்க" என்றாள்.

அம்மா எங்களைக் காட்டிக் கொடுத்தாள். உண்மை. நாங்கள் அம்மாவை விட்டுவிட்டு வந்தோம். அதுவும் உண்மை. இதில் எதை முதலில் எழுதுவது?

23 நவம்பர், ஞாயிறு

பக்கத்து வீட்டு அக்காதான் போன் செய்தாள், பையனை அபி அடித்தாளே, அவன் அம்மா. "ராஜாம்மா கீழ விழுந்துட்டாங்க, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்துட்டேன், வீட்ல யாரும் வரல."

ஓடினோம். மணிக்கட்டு உடைந்திருக்கிறது. மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கால் தரையில் எட்டாத மாதிரி. அம்மா இவ்வளவு சின்ன உருவமா?

"பாத்ரூம்ல..." என்று ஆரம்பித்தாள். நான் தலையாட்டினேன். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை. அண்ணிதான், காதைக் கெடுத்தவனின் அம்மாவை, வெடிதான் என்று சொன்னவளை, தோளைப் பிடித்து எழுப்பி ஆட்டோவில் ஏற்றினாள். "கட்டு அவுக்கிற வரைக்கும்தான்" என்று அம்மா நாலு தடவை சொன்னாள். "சரி அத்தை" என்றாள் அண்ணி, நாலு தடவையும்.

சாயங்காலம் அபி அம்மாவின் மாவுக்கட்டில் ஸ்கெட்ச்சால் பூ வரைந்துகொண்டிருந்தாள். வரைந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"ஆயா, தாத்தாவா, அப்பாவா?"

நான் சமையல் மேடைப் பக்கத்தில் அப்படியே நின்றேன். அண்ணிக்குக் கேட்டதா தெரியவில்லை.

"மொதல்ல தாத்தா புடிச்சாரு" என்றாள் அம்மா. "அப்புறம் ஒங்கப்பன் முறுக்குனான்."

"வலிச்சுதா?"

"ம்."

அபி அடுத்த இதழ் வரைந்தாள். டாக்டரம்மா, ஸமீஹா, போலீஸ், நான். எங்கள் யாருக்கும் கிடைக்காத பதில்.

5 டிசம்பர்

ஆய்வு முடிந்தது. கடைசி நாள் டீயும் கேக்கும் கொடுத்தார்கள். சுவரில் படம் காட்டினார்கள், கலர் கலராகக் கட்டங்கள். "இல்லை" என்று சொன்ன வீடுகள் பச்சைக் கட்டத்தில். அதில் எங்கள் வீடும் இருக்கிறது, பெயர் இல்லாமல். ஸமீஹா என் கையை அழுத்தினாள். கேக் இனிப்பாக இருந்தது. சாப்பிட்டேன்.

14 டிசம்பர், ஞாயிறு

மத்தியானம் அப்பா வந்தார். கீழே கேட்டுக்கு வெளியே, குடை ஊன்றிக்கொண்டு. தெருவில் போகிறவர்கள் மரியாதையான பெரியவர் என்று நினைப்பார்கள். அண்ணி அபியை உள்ளே அழைத்துக்கொண்டாள். நான் படியில் நின்றேன். அம்மாதான் இறங்கிப் போனாள். ஒரு பக்கம் மாவுக்கட்டு, இன்னொரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு.

அப்பா கட்டைப் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை. "ஓட்டல்ல சாப்ட்டு வயிறு கெட்டுப்போச்சு. அவனும் சரியா சாப்டறதில்ல. எப்ப வர்ற?"

அம்மா திரும்பி மேலே வந்தாள். சோறும் வத்தக்குழம்பும் டிபன் பாக்ஸில் போடச் சொன்னாள். "அவருக்காம்மா? இதுக்கு அப்புறமுமா?" என்றேன். "பசின்னு வந்திருக்காருடி" என்றாள். போட்டுக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கம்பிக்கு நடுவே பாக்ஸ் போகவில்லை. கேட்டுக்கு மேலாகத் தூக்கி, ஒற்றைக் கையால், எட்டிக் கொடுத்தாள். அப்பா வாங்கிக்கொண்டார். பிறகு கேட்டைப் பிடித்து ஒரு தரம் ஆட்டினார்.

"தொற. உள்ள ஒக்காந்து சாப்ட்டுப் போறேன்."

பூட்டின் சாவி அம்மாவின் இடுப்பில் செருகியிருந்தது. படியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது.

"கை ஒடஞ்சிருக்குல்ல" என்றாள் அம்மா. "தொறக்க முடியல."

அவர் கொஞ்ச நேரம் நின்றார். அம்மாவும் நின்றாள். பிறகு அவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.